சாவி வெட்டப்படாத பூட்டு

ஒரு கணினி எழுவதை நாம் யாரும் பார்ப்பதில்லை. பொத்தானை அழுத்திவிட்டு டீ போடப் போய்விடுகிறோம். திரும்பி வரும்போது திரையில் படம் வந்திருக்கும். நடுவில் போன அந்த முப்பது நாற்பது நொடியில் நடப்பது சாதாரண விஷயம் இல்லை. பயாஸ் எழுந்து பூட்லோடரைத் தேடுகிறது. லினக்ஸ் என்றால் அது பெரும்பாலும் கிரப். கிரப் கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது, கூடவே ஒரு சின்னப் பொட்டலத்தையும். அதன் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். கெர்னலுக்கு ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க ஓட்டுநிரல் வேண்டும், ஆனால் அந்த ஓட்டுநிரலோ ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கலாம். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. அதனால்தான் இந்தக் கட்டுச்சோறு. உண்மையான வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் திறக்கிற வரைக்கும் வேண்டியது மட்டும் அதில் இருக்கும்.

வழியில் ஏதாவது தவறினால் என்ன செய்வது? அதற்காகத்தான் மீட்பு ஷெல் என்று ஒன்று உண்டு. மேசை, ஐகான், எலி எதுவும் இல்லாத கறுப்புத் திரையில் ஒரு துடிக்கும் கோடு. 'ஏதோ சரியில்லை, நீயே வந்து பார்' என்று இயந்திரம் நம் கையில் தன்னை ஒப்படைக்கும் இடம். இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். 1995இல் ப்ரூஸ் பெரன்ஸ் டெபியனுக்காக பிஸிபாக்ஸை எழுத ஆரம்பித்தார். ஒரே ஒரு ஃப்ளாப்பிக்குள் ஒரு முழு மீட்பு அமைப்பையும் அடக்கிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்றைக்கும் டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் விழுந்தால் நம்மைத் தாங்குவது அந்த பிஸிபாக்ஸ்தான்.

எல்லாம் கைவிட்ட பிறகு வருவது மீட்பு ஷெல். அந்த ஷெல்லே வரவில்லை என்றால்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளை ஒட்டி ஒரு படிப்பகம் இருக்கிறது. ஒரே அறை, தகரக் கூரை. அதைப் பார்த்துக்கொள்வது என் சித்தப்பா. தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். எங்கள் குடும்பம் 'சிலோன்காரங்க' குடும்பம். அரசாங்கத் தாள்களில் 'தாயகம் திரும்பியோர்' என்று இருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அப்பாயி கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர், மண்டபம் முகாமில் இருந்து இங்கே அனுப்பப்பட்டவர். நீலகிரியில் இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தேயிலைத் தோட்டங்கள் ஆரம்பிக்கப்பட்டன. அதுதான் பிறகு டான்டீ ஆனது.

சித்தப்பா ஒரு காரியம் செய்துவந்தார். கப்பலில் வந்தவர்களில் மிச்சம் இருக்கிற பெரியவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்வார். ஆரம்பத்தில் ஒரு பழைய ரெக்கார்டரில், அப்புறம் போனில். அவர்களிடம் இருக்கிற தாள்களை ஸ்கேன் செய்து வைப்பார். பாஸ்போர்ட், முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, தோட்டத்துத் துரை எழுதிக்கொடுத்த கடிதம், ஓரம் செல்லரித்த ஃபோட்டோ. எல்லாம் படிப்பகத்தில் இருக்கிற ஒரு டெஸ்க்டாப்பில். யாரோ தானமாகக் கொடுத்த பழைய இயந்திரம் அது. டவுனில் ஒரு கடைக்காரர் அதில் டெபியன் போட்டுக் கொடுத்திருந்தார்.

போன நவம்பரில் அது எழவில்லை.

நவம்பர் என்றால் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை. மரம் விழும், கம்பி அறும், கரண்ட் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் போய் வரும். அப்படி ஒரு நாளில் போன கணினி திரும்ப வரவில்லை. சித்தப்பா போனில் சொன்னது: "தம்பி, ஏதோ ரூட்டு பூட்டியிருக்குன்னு வருது. என்டர் அழுத்துன்னு சொல்லுது. அழுத்துனா திரும்ப அதையேதான் சொல்லுது. நூறு தடவை அழுத்திட்டேன்."

அவசரம் என்னவென்றால், வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து லைனில் ஒரு பாட்டிக்கு வருஷத் திவசம். அந்தப் பாட்டி பேசிய ஒன்றேகால் மணி நேரப் பதிவு அந்த இயந்திரத்தில் இருந்தது. மகள் அக்கா வந்து சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறார்: "அன்னைக்கு மட்டும் அம்மா குரல ஒரு வாட்டி போட்டுக் காட்டுங்கண்ணே." அந்தப் பாட்டியின் குரல் வேறு எங்கேயும் இல்லை. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி கோவையிலிருந்து கிளம்பி மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறிப் போனேன்.

நேரில் பார்த்தபோது திரை முழுக்கக் கதையைச் சொன்னது. வேகமாக ஓடும் எழுத்துகள் ஒரு இடத்தில் நின்றுவிடும். ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு நொடிக் கணக்கு ஓடும், ஒன்றரை நிமிஷம். பிறகு, உள்ளூர் கோப்பு அமைப்புகளுக்கான சார்பு தோற்றது என்று ஒரு வரி. அவசர நிலைக்குப் போகிறேன் என்று ஒரு வரி. அதற்குப் பிறகுதான் சித்தப்பா சொன்னது வரும்: கன்சோலைத் திறக்க முடியாது, ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, தொடர என்டரை அழுத்தவும். என்டர் அழுத்தினால் இன்னொரு தடவை எழப் பார்க்கும், இன்னொரு தடவை அதே டிஸ்க் கிடைக்காது, இன்னொரு தடவை அதே வாக்கியம்.

காத்திருந்த டிஸ்க் எது என்று பார்த்தேன். அது உள்ளே இருக்கிற டிஸ்க் இல்லை. பக்கத்தில் யூஎஸ்பியில் தொங்கிய வெளி ஹார்ட் டிஸ்க். கடைக்காரரிடம் சித்தப்பா, "ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் அக்கறையாக வெளி டிஸ்க்கை எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி, தினமும் ராத்திரி அதில் பிரதி எடுக்கிற மாதிரி வைத்துக்கொடுத்திருந்தார். எஃப்எஸ்டேப் என்பது எந்த டிஸ்க்கை எங்கே பொருத்த வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் பட்டியல். அந்த வெளி டிஸ்க் ஈரத்திலோ மின்னழுத்த ஏற்றயிறக்கத்திலோ செத்துப்போயிருந்தது. காதில் வைத்துக் கேட்டால் டிக் டிக் என்றது, அவ்வளவுதான்.

பதிவுகள் உள்ளே இருக்கும் டிஸ்க்கில் அப்படியே இருந்தன. அவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. பாதுகாப்புக்காக வைத்த இரண்டாம் பிரதி காணவில்லை என்பதால்தான் முதல் பிரதி கதவைத் திறக்க மறுத்துக்கொண்டிருந்தது.

இது யாருடைய முட்டாள்தனமும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. பழைய காலத்தில் எஃப்எஸ்டேப்பில் இருக்கும் ஒரு டிஸ்க் கிடைக்காவிட்டால் லினக்ஸ் பெரும்பாலும் முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடும். சிஸ்டம்டி அப்படி விடாது. பட்டியலில் இருப்பது கிடைக்கவில்லை என்றால் அரைகுறையாக எழுவதை விட நின்று மனிதனைக் கூப்பிடுவதே மேல் என்பது அதன் கொள்கை. ஒரு தரவுத்தளம் தன் டிஸ்க் பொருந்தாமலே எழுந்து காலி அடைவில் எழுத ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அதன் நியாயம் புரியும். டெபியன் 2015இல் எட்டாம் பதிப்போடு சிஸ்டம்டிக்கு மாறியபோது வெளியீட்டுக் குறிப்பிலேயே இதை எச்சரித்தது. பட்டியலில் அந்த டிஸ்க்குக்கு எதிரே 'நோஃபெயில்' என்று ஒரு சொல் இருந்திருந்தால், இல்லாவிட்டால் பரவாயில்லை என்று போயிருக்கும்.

ரூட் பூட்டுக்கும் நியாயம் இருக்கிறது. யூனிக்ஸில் ரூட் என்பது எல்லாம் வல்ல கணக்கு. ஒரு காலத்தில் மீட்பு நிலைக்குப் போனால் கடவுச்சொல் கூடக் கேட்காமல் ரூட் ஷெல் வந்து நிற்கும். கணினி முன்னால் யார் உட்கார்ந்தாலும் ராஜா. அது சரியில்லை என்று நடுவில் சுலாகின் என்கிற காவலாளி வந்தான். ரூட் கடவுச்சொல்லைச் சொன்னால்தான் உள்ளே விடுவான். இன்னொரு பக்கம், ரூட்டாக உள்நுழைவதே ஆபத்து, சாதாரணப் பயனர் தேவைப்படும்போது சூடோ போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு பழக்கம் வந்தது. 2004இல் வந்த முதல் உபுண்டுவே ரூட்டைப் பூட்டித்தான் வந்தது. டெபியனை நிறுவும்போதும் ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் ரூட் பூட்டப்படும், முதல் பயனருக்கு சூடோ கிடைக்கும். நிழல் கோப்பில் ரூட்டின் பெயருக்குப் பக்கத்தில் கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு ஆச்சரியக்குறி. அந்தக் குறிக்குப் பொருந்துகிற கடவுச்சொல் உலகத்தில் எதுவும் கிடையாது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காவலாளி ரூட்டின் சாவியைக் கேட்கிறான். ரூட்டுக்குச் சாவியே வெட்டப்படவில்லை. கிரப் பட்டியலில் இருக்கிற 'மீட்பு முறை'யைத் தேர்ந்தெடுத்தாலும் அதே காவலாளி, அதே பதில். சித்தப்பாவின் கடவுச்சொல் சித்தப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு அந்தப் பாட்டியின் பதிவு நினைவுக்கு வந்தது. சித்தப்பா எனக்கு முன்பு ஒரு முறை போட்டுக் காட்டியிருந்தார். அதில் அவர் தன் அப்பா குடியுரிமைக்கு மனுப் போட்ட கதையைச் சொல்வார். ஆஃபீஸில் கேட்டார்களாம், உன் அப்பா எங்கே பிறந்தார், அத்தாட்சி எங்கே என்று. தோட்டத்தில்தான் பிறந்தார், அவர் நட்ட பலாமரம்கூட நிற்கிறது என்றாராம். மரமெல்லாம் அத்தாட்சி இல்லை. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் சீட்டு எழுதினார்கள், கங்காணி பேரேட்டில் பேர் இருந்தால் அதுவே பெரிசு என்று சொல்லிச் சிரிப்பார் பாட்டி.

1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் கேட்டது அதைத்தான். தீவில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும், அல்லது தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும். எழுதப் படிக்கத் தெரியாத, பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கமே இல்லாத கூலி லயங்களில் அந்தத் தாளை எங்கே போய்த் தேடுவது? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் எந்த நாட்டுக்கும் இல்லாதவர்கள் ஆனார்கள். பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டபோது கணக்கு 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாட்டி சொல்வார்: "எங்கள யாரும் கேக்கல தம்பி. எண்ணுனாங்க."

ஒரு கணினிக் கோளாறையும் லட்சக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கையையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. டெபியனில் இருந்தது எதிர்பாராமல் நேர்ந்தது. 1948இல் நடந்தது யாரை வெளியே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தே எழுதியது. அந்த வித்தியாசம் பெரிசு. ஆனால் வெளியே நிற்பவனுக்குத் திரையில் தெரியும் வாக்கியம் இரண்டிலும் ஒன்றுதான். உன்னிடம் இருப்பதை நான் கேட்கவில்லை. நான் கேட்பது உனக்குக் கொடுக்கப்படவேயில்லை. தொடர என்டரை அழுத்தவும்.

சரி, வேலைக்கு வருவோம். நிறைய பேர் இந்த இடத்தில் கேட்பார்கள், ஒரு லைவ் பென் டிரைவில் பூட் செய்தால் முடிந்தது, எதற்கு இவ்வளவு? உண்மைதான், அதுதான் எளிய வழி. ஆனால் மழையில் டவர் ஒரு கோட்டில் வந்து வந்து போனது, ஜிபி கணக்கில் இறக்க வழியில்லை. டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டலாம் என்றால், அது ஆஃபீஸ் லேப்டாப். பாதுகாப்புக்காக வெளி டிஸ்க் எதையும் ஏற்காது. சித்தப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒங்க லேப்டாப்பும் பூட்டா?"

மிச்சமிருந்த வழி காவலாளி வேலைக்கு வருவதற்கு முன்னாலேயே உள்ளே போவது. கிரப் திரையில் 'ஈ' விசையை அழுத்தினால் கெர்னலுக்குப் போகும் வரியைத் திருத்தலாம். அதன் கடைசியில், முதல் நிரலாக சிஸ்டம்டியை ஓட்டாதே, பாஷ் ஷெல்லையே ஓட்டு என்று 'இனிட்' அளவுருவில் சொல்லிவிட வேண்டும். கெர்னலுக்குக் கடவுச்சொல்லெல்லாம் தெரியாது. யாரை முதலில் எழுப்பச் சொல்கிறோமோ அவனை எழுப்பும். சிஸ்டம்டி இல்லை, அதனால் அவசர நிலை இல்லை, அதனால் சுலாகினும் இல்லை.

கன்ட்ரோலும் எக்ஸும் அழுத்தினேன். ரூட் ஷெல் வந்தது. தட்டினால் எழுத்து விழவில்லை.

இதுவும் ஒரு புகழ்பெற்ற பொறி. யூஎஸ்பி விசைப்பலகை கிரப்பில் வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே பயாஸ் பார்த்துக்கொள்கிறது. சிஸ்டம்டி முழுதாக எழுந்த பிறகும் வேலை செய்கிறது, ஏனென்றால் யூடெவ் என்கிற சேவை ஓடி அதற்கான ஓட்டுநிரலை ஏற்றிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில், பயாஸ் கையை விட்ட பிறகு யூடெவ் வருவதற்கு முன்னால், அந்த ஓட்டுநிரல் இனிட்ராம்எஃப்எஸ் பொட்டலத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இங்கே இல்லை. இயந்திரம் நம்மிடம் தன்னை முழுவதுமாக ஒப்படைத்த அந்த இடத்தில்தான் நம் விரல் எட்டவில்லை.

பழைய மதர்போர்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று. பின்னால் ஊதா நிறத்தில் வட்டத் துளை, பழைய பிஎஸ்2 விசைப்பலகைக்கானது. அதற்குத் தனி ஓட்டுநிரலெல்லாம் வேண்டாம், கெர்னலுக்கே தெரியும். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் சித்தப்பாவும் நானும் குடையோடு அலைந்தோம். இப்போது யார் உருண்டை பின் கீபோர்டு வைத்திருக்கிறார்கள்? கடைசியில் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பரண் மேல் கிடைத்தது. காசு வேண்டாம் என்றார் கடைக்காரர். "பாட்டிக்குத்தானே" என்றார். மலையில் செய்தி நமக்கு முன்னால் நடந்துவிடும்.

மீதி பத்து நிமிஷ வேலை. இந்த நிலையில் மூல டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருக்கும். அதை எழுதவும் முடிகிற மாதிரி மறுபடி பொருத்தினேன். எஃப்எஸ்டேப்பைத் திறந்து, செத்த டிஸ்க்கின் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டேன். அந்த வரியில் முப்பத்தாறு எழுத்து நீளத்துக்கு அந்த டிஸ்க்கின் அடையாள எண் இருந்தது. இல்லாத ஒன்றின் முழு விலாசம். சேமித்து, ஒத்திசைத்து, மறுபடி எழுப்பினேன். படம் வந்தது. பாட்டியின் கோப்பு அதே இடத்தில் அதே பெயரில் இருந்தது.

முதல் வேலையாகப் பதிவுகளை மூன்று பென் டிரைவில் போட்டோம். ஒன்று சித்தப்பாவிடம், ஒன்று என்னிடம், ஒன்று அந்த அக்காவிடம். புது வெளி டிஸ்க் வாங்கி மாட்டும்போது அதன் வரியில் நோஃபெயில் போட்டேன். பத்து நொடி காத்திருந்தால் போதும் என்றும் எழுதினேன்.

ரூட் விஷயத்தில்தான் பேச்சு நீண்டது. இரண்டு வழி உண்டு. ரூட்டுக்கு ஒரு கடவுச்சொல் வைத்துவிடலாம். இல்லையென்றால் அவசர ஷெல்லைத் தொடங்கும் சேவைக்கு ஒரு சூழல் மாறி கொடுத்து, ரூட் பூட்டியிருந்தாலும் கேட்காமல் திற என்று சொல்லலாம்.

"அப்ப யாரு வேணும்னாலும் உள்ள வந்துர மாட்டாங்களா?" என்று கேட்டார் சித்தப்பா.

"இப்ப நான் வந்தேன்ல சித்தப்பா, பூட்டு இருக்கும்போதே."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நான் என் தொழில் பழக்கத்தில் யாரிடமிருந்து எதைக் காக்கிறோம் என்று ஒரு பட்டியல் போட்டேன். அந்த அறைக்குத் திருட வருபவன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போவான், கடவுச்சொல்லை உடைக்க மாட்டான். டிஸ்க்கை மறையாக்கம் செய்யாத வரைக்கும் கைக்கு எட்டும் கணினிக்கு ரூட் பூட்டு பெரிய தடையும் இல்லை. உள்ளே ரகசியமும் இல்லை. அந்தப் படிப்பகத்தின் எதிரி திருடன் கிடையாது. மழை, மறதி, வயசு. இந்த மூன்றில் எதுவும் கடவுச்சொல்லுக்குப் பயப்படாது. நாளைக்குச் சித்தப்பா இல்லாத ஒரு நாளில் இந்தப் பெட்டி முன்னால் வந்து உட்காரப்போகிற ஆள்தான் அந்தப் பூட்டில் மாட்டுவார்.

சித்தப்பா சொன்னார்: "கடவுச்சொல்லே வை. ஆனா தாள்ல எழுதி ஒட்டு."

பாதுகாப்புப் பாடத்தில் முதலில் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பது அதைத்தான். ஆனாலும் ஒட்டினேன். பெட்டியின் உள்பக்கம், மூடியைத் திறந்தால் தெரிகிற இடத்தில். லைனில் பி.எஸ்ஸி. கணினி அறிவியல் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள், படிப்பகத்துக்கு வருகிறவள். அவளை உட்காரவைத்து, நானே ஒரு போலி டிஸ்க் வரியை எஃப்எஸ்டேப்பில் எழுதி இயந்திரத்தை வேண்டுமென்றே விழவைத்தேன். அவசரத் திரை வந்தது. இந்தத் தடவை கடவுச்சொல் கேட்டது. அவள் தாளைப் பார்த்து அடித்தாள், உள்ளே போனாள், வரியைக் கண்டுபிடித்து ஹேஷ் போட்டாள், எழுப்பினாள். "இவ்ளோதானா அண்ணா?" என்றாள்.

இவ்வளவுதான். உங்களிடம் ஒரு லினக்ஸ் இயந்திரம் இருந்தால், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே ஒரு தடவை அதன் அவசரக் கதவைத் திறந்து பாருங்கள். கிரப்பில் மீட்பு முறையைத் தேர்ந்தெடுத்து, காவலாளி என்ன கேட்கிறான், அது உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகை அங்கே வேலை செய்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு என்று ஒரு வழியைக் கட்டியவர்கள் அதை ஒரு தடவையாவது வெளியிலிருந்து தட்டிப் பார்த்திருக்க வேண்டும். இயந்திரமோ சட்டமோ, கட்டியவர்களே பார்த்திருப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.